அம்மா ஒட்டிய சிவப்பு அம்புகள்

கண்ணுகளா, போன வாரம் நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு என்னைக் கேட்டீர்கள். தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் பச்சை வலைப் பந்தல் போட்டிருக்கிறார்கள், நம் வீடு மட்டும் ஏன் மொட்டை அடித்த தலை மாதிரி நிற்கிறது, சுற்றிலும் ஒரு புல்லைக்கூட விடாமல் ஏன் கொத்திக் கொத்திப் போடுகிறீர்கள் என்று. வாயால் சொல்லலாம் என்றுதான் ஆரம்பித்தேன். உங்கள் அம்மா நடுவில் வந்து "அப்படி இல்லீங்க, இப்படீங்க" என்று திருத்தியே பாதிக் கதையை எடுத்துக்கொண்டாள். அதனால் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் நான். எழுத்துப் பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

சின்னவன் பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்த வருஷம் அது. பெரியவள் இரண்டாவது. முதலிபாளையத்துக்குப் பின்னால் இதே இடத்தில்தான் அப்போதும் இருந்தோம். இரண்டு அறை, ஒரு சமையலறை, மேலே சிமெண்ட் சீட். நமக்கு மேற்கே இருக்கிற கொறங்காட்டை இன்றைக்கும் ஜன்னலில் பார்க்கிறீர்கள். உழுது விதைக்காமல், ஆடு மேய்வதற்கென்றே விட்ட காடு. சுற்றிலும் கிளுவை வேலி. மழை பெய்தால் இடுப்பளவு கொழுக்கட்டைப் புல் நிற்கும். பங்குனி வந்தால் அது அத்தனையும் காய்ந்து, தொட்டால் ஒடிகிற மாதிரி ஆகிவிடும். சித்திரை பாதிக்கு மேல் மேற்கே இருந்து காற்று கிளம்பும். எங்கேயோ ஒரு பீடித் துண்டு விழுந்தால் போதும், இல்லாவிட்டால் கரண்டுக் கம்பி ரெண்டும் உரசினால் போதும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது எங்கோ ஒரு மூலை எரியும். அதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. வேப்பங்கொத்தை ஒடித்து அடித்து அணைப்போம், வந்து டீ குடிப்போம்.

சீட் வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும் அந்தத் தொல்லை. சீட் அலை அலையாக இருக்கும், சுவர் நேராக இருக்கும். ஒவ்வொரு அலைக்குக் கீழேயும் கை நுழைகிற அளவு ஓட்டை. தூசி, அணில், பல்லி எல்லாம் அந்த வழியாகத்தான் வரும். மேஸ்திரியைக் கூப்பிட்டு சிமெண்ட் பூச வேண்டிய வேலை. நான் என்ன செய்தேன் தெரியுமா? நான் கட்டிங் மாஸ்டர். பனியன் துணியைப் பலகையில் அடுக்கி வெட்டினால் ஓரத்தில் விழுகிற துண்டுகளை வேஸ்ட் என்போம். இந்த ஊரில் பனியன் வேஸ்ட் போகாத இடம் கிடையாது. பஸ் ஜன்னல் கடகடத்தால் அதைச் செருகுவோம், குழாய் ஒழுகினால் அதைச் சுற்றுவோம், கட்டில் கால் ஆடினால் அதை மடித்து வைப்போம். கை தானாகப் போகும். நானும் இரண்டு மூட்டை வேஸ்டைக் கொண்டுவந்து, ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு ஓட்டையிலும் அடைத்தேன். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று கலர் வரிசை பார்த்து வேறு அடைத்தேன். தெருவில் நாலு பேர் வந்து பார்த்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டிலும் அதே மாதிரி அடைத்துவிட்டு, மாஸ்டர் ஐடியா என்று சொல்லிக்கொண்டார்கள். எனக்கு அன்றைக்குத் தலை கால் புரியவில்லை.

அந்த வருஷம் கோடை மழை ஏமாற்றிவிட்டது. சித்திரைக் கடைசியில் ஒரு ஞாயிறு மத்தியானம் கொறங்காடு பற்றிக்கொண்டது. காற்று நம் பக்கம். புல் எரிகிற சத்தம் எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் விழுந்த மாதிரி இருந்தது. தெருவே திரண்டு போய் அடித்து, வேலிக்கு இந்தப் பக்கம் வராமல் நிறுத்திவிட்டோம். முகமெல்லாம் கரி. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து, குளித்துவிட்டுச் சோறு சாப்பிட்டேன்.

பொழுதோடு நாலு நாலரை இருக்கும். உங்கள் அம்மா சமையலறையில் இருந்து வந்து, மேலே என்னமோ புகையுதுங்க என்றாள். சீட்டுக்கும் சுவருக்கும் நடுவில் கோடு மாதிரிப் புகை வந்துகொண்டிருந்தது. நெருப்பு இல்லை, வெறும் புகை. ஏணி எடுத்து வருவதற்குள் மேல் சட்டம் பற்றிவிட்டது. உங்களை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு அவள் வெளியே ஓடினாள். தீயணைப்பு வண்டி வந்தபோது சமையலறை போயிருந்தது, சீட் வெடித்துச் சிதறியிருந்தது. நல்லவேளை, யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

வண்டியில் வந்தவர்களில் ஒருவர் இரும்புக் கம்பியால் ஒரு வேஸ்ட் உருண்டையைத் தோண்டி எடுத்து என் முன்னால் போட்டுப் பிரித்தார். வெளியே கரி, உள்ளே செக்கச் சிவப்பாகக் கனிந்துகொண்டிருந்தது. மத்தியானம் காற்றில் பறந்து வந்த பொறி அதற்குள் போய் உட்கார்ந்து, நாலு மணி நேரமாகச் சத்தமில்லாமல் தின்றிருக்கிறது. காட்டு நெருப்பு வேலியிலேயே நின்றுவிட்டது, வீட்டைப் பிடித்தது நீங்கள் அடைத்து வைத்த பஞ்சுதான் என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. அன்றைக்கு மாலையே தெருவில் நாலு வீட்டில் ஏணி ஏறி வேஸ்டைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் ஐடியா என்று யாரும் சொல்லவில்லை.

உங்களைக் கூட்டிக்கொண்டு அம்மா தெருக்கோடி லைன் வீட்டில் ஒரு வாடகை அறைக்குப் போனாள். நானும்தான் போனேன். வீட்டைத் திருப்பிக் கட்டிவிடலாம் என்று நான் சொன்னபோது அவள் அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. அவள் அப்போதும் செக்கிங்கில்தான் வேலை பார்த்தாள். தைத்து வருகிற பனியனை விரித்து, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எல்லாம் பார்த்து, அங்கங்கே சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. அம்பு ஒட்டின பீஸ் தையல்காரரிடம் ஆல்டருக்குத் திரும்பிப் போகும். சரி செய்த பிறகுதான் அம்பை உரிக்க வேண்டும்.

"நா பாஸ் பண்ணாம ஒரு பீஸ் பொட்டிக்குள்ள போனதில்லீங்க," என்றாள். "இந்த ஊடும் அப்படித்தான். நா பாஸ் பண்ணோணும். அதுக்கு முன்னாடி புள்ளைகளக் கூட்டிட்டு உள்ள வரமாட்டேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அது என் இரண்டாவது தப்பு.

மேஸ்திரி வேலையை ஆரம்பித்தார். மரச் சட்டத்துக்குப் பதில் இரும்பு பைப். சமையலறைக்கு மட்டும் கான்கிரீட். மீதிக்குப் புதுச் சீட் போட்டு, அலை ஓட்டைகளைச் சிமெண்ட் வைத்து அடைத்தார். பழைய மர ஜன்னல் போய் இரும்பு ஜன்னல் வந்தது. வேலை முடிந்தது, பால் காய்ச்சலாம் என்று அவர் சொன்ன அன்று உங்கள் அம்மா ஷிப்ட் முடிந்து நேராக வந்தாள். பையில் இருந்து அம்பு ஸ்டிக்கர் ரோலை எடுத்தாள்.

வீட்டைச் சுற்றி ஒரு சுற்று வந்தாள். விரலை நீட்டி ஒவ்வொரு இடமாகத் தடவினாள். குளியலறை ஜன்னல் கண்ணாடிப் பட்டைகளுக்கு நடுவில் ஓர் அம்பு. சமையலறைக் காற்றாடி ஓட்டையில் ஓர் அம்பு. கதவுக்கு அடியில், சீட் சுவரில் முட்டுகிற மூலையில், மழைத்தண்ணீர் தகரத்தில் இலை தங்குகிற இடத்தில், ஜன்னலுக்கு அடியில் நான் அடுக்கி வைத்திருந்த பழைய மரத்துண்டுகளில். சுவரே அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது. மேஸ்திரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"ஏனுங்க மாஸ்டரு, நாம ஊடு கட்டறமா, பனியன் தைக்கறமா?"

அவள் திரும்பி அவர் சட்டைப் பையிலும் ஓர் அம்பு ஒட்டினாள். உள்ளே பீடிக்கட்டு இருந்தது. நான் சிரித்தேன். என் பையிலும் ஒன்று ஒட்டினாள். கை துடைக்க நான் எப்போதும் வைத்திருக்கிற வேஸ்ட் உள்ளே இருந்தது. அப்போது மேஸ்திரி சிரித்தார்.

அதற்குப் பிறகு அவர் கோபித்துக்கொண்டு போயிருக்க வேண்டும். போகவில்லை. அவருக்கும் அது ஒரு வீம்பாகிவிட்டது. "உங்கூட்டு அம்மிணி அம்பு ஒட்டறதுக்கு ஒரு எடம் இல்லாம பண்ணிப்போட்டுத்தானுங்க போவேன்" என்றார். அதோடு அந்த வேலை முடிகிறவரை அவர் பீடி பிடிப்பதற்குத் தெருமுனைக்குப் போய் வந்தார்.

ஜன்னலுக்கு நான் நைலான் கொசுவலை வாங்கி ஒட்டினேன். அவள் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி அதில் தொட்டாள். வலை சுருங்கி, காசு அளவுக்கு ஓட்டை விழுந்தது. தெருவில் நீங்கள் பார்க்கிற பச்சை வலையும் இதே ஜாதிதான். அம்பு. அடுத்து இரும்பு வலை வாங்கப் போனோம். கடைக்காரர் நாலு தினுசு காட்டினார். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே கடுகு. ஒவ்வொரு வலையிலும் கடுகைக் கொட்டிப் பார்த்தாள். கடுகு விழுகிற வலை வேண்டாம், ராகி விழுந்தால் பரவாயில்லை என்றாள். கடைக்காரர் தரையெல்லாம் உருண்ட கடுகைப் பார்த்துவிட்டு, தாளிக்கறதுக்கு எண்ணெய் கொண்டாரட்டுங்களா என்று கேட்டார். அவள் சிரிக்காமல், வலை பாஸ் ஆனா கொண்டாங்க என்றாள்.

வலையை மாட்டிய பிறகும் அவள் விடவில்லை. இதில் உங்களுக்கும் வேலை இருந்தது, பெரியவளுக்கு ஞாபகம் இருக்கும். ரிஜெக்ட் ஆன வெள்ளைத் துணியை நனைத்து, உள்ளே ஜன்னலுக்கு அடியில் விரித்தாள். உங்களை அறை மூலையில் உட்கார வைத்து, கறுப்புப் புள்ளி விழுகிறதா பாருங்கள் என்றாள். வெளியே நான் தேங்காய் மட்டையைக் கொளுத்தி, கனிந்ததும் தட்ட, அவள் முறத்தால் ஜன்னலைப் பார்த்து விசிறினாள். பொறி வலையில் போய் விழுந்து, ஒட்டி, அணைந்தது. தீபாவளி மாதிரி இருந்தது. பக்கத்தில் மேஸ்திரி தண்ணீர்க் குடத்தோடு, பரீட்சை எழுதுகிறவன் மாதிரி நின்றார். உள்ளே இருந்து சின்னவன், அம்மா ஒரு புள்ளி என்றான். மேஸ்திரி முகம் செத்துவிட்டது. அவள் உள்ளே போய்ப் பார்த்தாள். எறும்பு.

வீட்டுக்கு வெளியே இருக்கிற வேலை பாக்கி இருந்தது. சுவரில் இருந்து பத்தடிக்குப் புல், செத்தை எதுவும் இருக்கக் கூடாது என்று கொத்திவிட்டேன். அவரைப் பந்தலைப் பிடுங்கி அக்கட்டால், சுவரை விட்டு எட்டத்தில் நட்டேன். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் காடு நம்முடையது இல்லையே. காட்டுக்காரரைப் பார்க்க நாங்கள் இரண்டு பேரும் போனோம். நல்ல மனிதர், என் வயதுதான், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். கொறங்காட்டைத் தடுப்பு தடுப்பாகப் பிரித்து, ஒரு தடுப்பில் மேய்ந்து முடிந்தால் அடுத்ததில் ஆடு விடுவது அவர்கள் வழக்கம். நம் வீட்டை ஒட்டின தடுப்பைக் கோடைக்கென்று கடைசியாக வைத்திருப்பார். அதனால்தான் எல்லா இடத்திலும் புல் குட்டையாக இருக்கும்போது இங்கே மட்டும் உயரமாக நிற்கும். அதை முதலில் மேய்த்துவிடுங்கள் என்று அவள் கேட்டாள்.

"ஏனுங்க மாஸ்டரு," என்று அவர் அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார், "என்ற ஆட்டுக்கு நா தேதி போடறதா, உங்கூட்டு அம்மிணி போடறதா?"

"ஆடு உங்களுதுங்ணா," என்றாள் அவள். "ஊடு எங்களுதுங்க. தேதியப் பொதுவா வெச்சுக்கலாங்ணா."

அவர் விலகிப் போன ஓர் ஆட்டைக் குச்சியால் திருப்பிவிட்டார். பிறகு, தை பிறந்ததும் அந்தப் பக்கம் விடறனுங்க என்றார். கிளம்பும்போது, எனக்கும் ஒரு அம்பு ஒட்டிட்டுப் போவீங்கன்னு நெனச்சேன் என்றார். கதை அங்கேயும் போயிருந்தது.

பால் காய்ச்சினோம். ஆனால் அவள் இன்னும் பாஸ் என்று சொல்லவில்லை. உங்களைக் கூட்டிக்கொண்டு குடி வந்தாள். அதுவே பெரிது. லைன் வீட்டு அறையை மட்டும் காலி செய்யவில்லை. வீடு ஒரு கோடை பார்க்கட்டும் என்றாள். பாத்திரத்தில் பாதி இங்கே, பாதி அங்கே. சாம்பார் இங்கே கொதிக்கும், கரண்டி அங்கே இருக்கும். பெரியவள் ஓடிப் போய் எடுத்து வருவாள்.

மறு வருஷம் அதே சித்திரைக் கடைசி. அன்றைக்கும் ஞாயிறு. மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்திருந்தோம். மேற்கே புகை. உங்கள் அம்மா தட்டை நகர்த்திவிட்டு எழுந்தாள். ஜன்னல் எல்லாம் சாத்து, கேஸை மூடு, கொடியில் காய்கிற துணியை எடு என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். உங்களை லைன் வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். நான் குழாயை மாட்டிச் சுவரையும் சீட்டையும் நனைத்தேன். காட்டுக்காரர் மொபெட்டில் மருந்தடிக்கிற டேங்கைத் தண்ணீரோடு கட்டிக்கொண்டு வந்தார். தெருவே வேப்பங்கொத்தோடு நின்றது.

நெருப்பு தூரத்தில் ஆள் உயரத்துக்கு வந்தது. நம்மை ஒட்டின தடுப்புக்குள் வந்ததும் முழங்கால் அளவுக்குக் குறைந்தது, பிறகு கணுக்கால். ஆடு வழித்து வைத்திருந்த தரையில் அதற்குத் தின்ன ஒன்றும் இல்லை. வேலி ஓரத்தில் கொத்தால் நாலு அடி அடித்தோம், படுத்துவிட்டது. "பாருங்க, என்ற ஆடு அணைச்சுப்போடுச்சு" என்றார் காட்டுக்காரர். பொறி மட்டும் பறந்து வந்தது. நிறைய வந்தது. சீட்டில் விழுந்தது, வலையில் மொய்த்தது, வாசல் மண்ணில் விழுந்து கறுத்தது.

எல்லோரும் கைதட்டினார்கள். அவள் தட்டவில்லை. போன தடவை நாலு மணி நேரம் கழித்துத்தான் புகைந்தது என்று ஒரு முக்காலியை எடுத்து வாசல் மண்ணில் போட்டு, வீட்டைப் பார்த்து உட்கார்ந்தாள். ஸ்டிக்கர் ரோல் மடியில். நானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. மேஸ்திரிக்கு யாரோ போன் போட்டு, அவரும் வந்துவிட்டார். அணைந்த பிறகு வந்து சேர்ந்த தீயணைப்பு வண்டிக்காரர்களும் மோர் குடித்துவிட்டு, என்ன எதற்கு என்று கேட்டு, கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்கள். இத்தனை பேர் ஒரு வீட்டை உட்கார்ந்து பார்த்து நான் கண்டதில்லை.

வெயில் இறங்கினதும் அவள் எழுந்தாள். அதே மாதிரி விரலை நீட்டிக்கொண்டு ஒரு சுற்று. வலை, மூலை, தகரம், கதவடி. மேஸ்திரி நாலடி தள்ளிப் பின்னாலேயே போனார். முழுச் சுற்றும் வந்து, ரோலை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"பாஸுங்க," என்றாள்.

மேஸ்திரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனைக்கு நடந்தார், ஒரு வருஷத்துப் பீடியையும் ஒன்றாகப் பிடிக்கப் போகிற மாதிரி. அன்று லைன் வீட்டில் இருந்த பாத்திரங்களைத் தெருவே சேர்ந்து தூக்கி வந்தது. சின்னவன் தலையில் இட்லிக் குண்டா. வந்த எல்லோருக்கும் அம்மா அரிசிம்பருப்புச் சோறு பொங்கினாள். காட்டுக்காரர் மூன்று தடவை போட்டுச் சாப்பிட்டார்.

இதுவரைக்கும் அம்மாவுக்குத் தெரியும். இனிமேல் எழுதுவது அவளுக்குத் தெரியாது. நீங்கள் படித்தால் அவளும் படிப்பாள், அதுவும் தெரியும்.

மறுநாள் காலை அவள் கம்பெனி வேன் ஏறிப் போய்விட்டாள். நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். எனக்கு மதிய ஷிப்ட். வாசலில் பல் விளக்கிக்கொண்டு நின்றபோது கண் மீட்டர் பெட்டிக்கு மேலே போனது. பங்குனியில் மோட்டாருக்குப் புது ஒயர் இழுத்தபோது அங்கே ஒரு ஓட்டை போட்டிருந்தார்கள். குளவி வருகிறதே என்று நான் அதை அடைத்திருந்தேன். எதை வைத்து என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒயர்களுக்குப் பின்னால் இருப்பதால் அவள் விரலுக்கும் தட்டுப்படவில்லை.

மெயினை அணைத்துவிட்டு முக்காலி போட்டு ஏறி, இழுத்தேன். சாம்பல் கலர் பனியன் வேஸ்ட், என் சட்டைப் பையில் இருந்து போனது. வெளியே தெரிகிற பக்கத்தில் ஓர் அரிசி அளவுக்குக் கருகியிருந்தது. சுவரை நனைத்தபோது அதுவும் நனைந்திருக்க வேண்டும், அதனால் பொறி அதோடு செத்திருக்கிறது. முக்காலியில் இருந்து இறங்கினேன்.

பிறகு அதை வாளித் தண்ணீரில் போட்டு அமுக்கினேன். உள்ளே போய், அவள் வீட்டில் விட்டுப் போயிருந்த ரோலில் இருந்து ஓர் அம்பைக் கிழித்து வந்து, அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் ஒட்டினேன். மோட்டார் வேலையில் மிச்சமான சிமெண்டைக் கரண்டியால் ஒரு கை குழைத்து, ஓட்டையில் வைத்து, கட்டை விரலால் வழித்தேன். காய்கிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வெயில் அங்கே வந்ததும் நகத்தால் தட்டிப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது. அம்பை உரித்தேன்.